எமது நோய், எமது சொல்: வைத்தியசாலைக் கணனியில் ஏறும் விபரங்களுக்கு யாருடைய சம்மதம் வேண்டும்?

வலிகாமத்தில் கிளினிக்குக்குப் போகும் எவருடைய கையிலும் ஒரு பொலித்தீன் பையைக் காணலாம். அதற்குள் மடங்கிப்போன கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், எப்போதோ எடுத்த எக்ஸ்றே படம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்கும். இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தப் பையின் பெறுமதி நன்கு தெரியும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோதும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே திரண்டு தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோதும், காணி உறுதியோடும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடும் சேர்ந்து பலருடைய மருத்துவப் பதிவுகளும் போய்விட்டன. வலிப்பு நோய்க்கு ஆண்டுக்கணக்காக மருந்து எடுத்தவர், புதிய இடத்தில் புதிய வைத்தியர் முன் நின்று, "சின்ன வெள்ளைக் குளிசை, ஐயா, காலமை ஒண்டு, இரவு ஒண்டு" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாமல் தவித்த காட்சியை முகாம்களில் பணியாற்றிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கொப்பி இப்போது சிறிது சிறிதாகக் கணனிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் எமது பண்டத்தரிப்பில் மருந்து கொடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு, நோயாளியின் கதை வைத்தியரின் ஏட்டிலோ நோயாளியின் கையிலோதான் இருந்து வந்தது. இன்று இலங்கையின் பல அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவிலேயே பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் கணனியில் பதிந்து, கோடுகள் அச்சிட்ட ஓர் அட்டையைத் தருகிறார்கள். அந்த அட்டையில் உள்ளது தனிநபர் சுகாதார இலக்கம். அடுத்த முறை போகும்போது அந்தக் கோடுகளை இயந்திரத்தில் காட்டினால் பழைய விபரங்கள் திரையில் வந்துவிடும். வைத்தியர் எழுதும் மருந்து மருந்தாளருடைய திரையில் தெரியும். விடுதியில் தங்கி வெளியேறும் நோயாளியின் நோய் விபரங்களைத் திரட்டி அமைச்சுக்கு அனுப்புவதற்கும் இலத்திரனியல் முறை ஒன்று உண்டு. 2016 இல் சுகாதார அமைச்சு இவற்றுக்கெல்லாம் தேசிய வழிகாட்டல்களையும் நியமங்களையும் வெளியிட்டது. பின்னர் 2023 இல் நாடு தழுவிய மின்சுகாதாரத் திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. ஒரு வைத்தியசாலையில் பதிந்ததை இன்னொரு வைத்தியசாலையில் பார்க்கக்கூடியதாக்குவதே இந்த முயற்சிகளின் நோக்கம்.

இது நல்ல நோக்கம் என்பதில் எமக்கு ஐயமில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் திடீரென வருத்தங் கூடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டால், அங்குள்ள வைத்தியர் அவருடைய மருந்துகளை உடனே அறிவது உயிர் காக்கும் காரியம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது தெரியாமல் ஊசி போடுவதையும் இது தடுக்கும். இன்னொரு முறை ஓடவேண்டி வந்தாலும் (வரக்கூடாது என்பதே எமது மன்றாட்டு) கொப்பி போய்விட்டதே என்ற கவலையாவது இராது.

ஆனால் எமது கூட்டமொன்றில் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. "சுவாமி, கொப்பி என்ரை கையிலை இருந்தது. நான் காட்டினால்தான் ஆரும் பாப்பினம். கொம்பியூட்டருக்குள்ளை போனாப்பிறகு ஆர் பாக்கினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" இந்தக் கட்டுரை அந்தத் தாயின் கேள்விக்கு எம்மால் இயன்ற பதில்.

கிணற்றுப் பங்கும் தண்ணீரும்

சம்மதம் என்ற சொல்லை நாம் தினமும் பாவிக்கிறோம். கலியாணப் பேச்சில் சம்மதம் கேட்கிறோம். காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது சகோதரர்களின் சம்மதம் கேட்கிறோம். மருத்துவ விபரங்கள் பற்றிய சம்மதமும் இதே வகையானதுதான்.

செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களுக்குக் கிணற்றுப் பங்கு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிழமையில் இன்ன நாள் இவ்வளவு நேரம் தண்ணீர் இறைக்க உரிமை கொடுத்தால், அந்தத் தண்ணீர் அவருடைய அந்தத் தோட்டத்துக்குத்தான். அவர் அதே தண்ணீரை வண்டியில் ஏற்றி விற்கவும், தன் மச்சானின் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டவும் நாம் சம்மதிக்கவில்லை. உரிமை யாருக்கு, எந்தத் தேவைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை உறுதியிலேயே எழுதிவிடுகிறோம். மருத்துவ விபரமும் அப்படியே. நீரிழிவுக்கு மருந்து எடுப்பதற்காக வைத்தியரிடம் சொன்ன விபரம் அந்த வைத்தியத்துக்காகச் சொன்னது. அதை ஒரு காப்புறுதிக் கொம்பனியோ, வேலை கொடுப்பவரோ, மாப்பிள்ளை வீட்டாரோ, ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழக மாணவரோ பார்க்க வேண்டுமானால், அது வேறு வாய்க்கால். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

காணி உறுதியிலிருந்து இன்னொன்றும் கற்கலாம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர் உறுதி முடிக்கும்போது, நொத்தாரிசு அதை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளக்கிய பின்னரே பெருவிரல் அடையாளம் வாங்கலாம். இரண்டு பரப்புக் காணிக்கு இவ்வளவு கவனம். எமது உடம்பைப் பற்றிய கடதாசியில் மட்டும், "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அம்மா" என்றதும் கீழே வைத்துவிட்டு வருகிறோம். கவுண்டரில் இருப்பவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலை ஏழு மணிக்கு முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவரும் என்ன செய்வார்? ஆனால் அவசரத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 இல் இலங்கைப் பாராளுமன்றம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற 9 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. தரவு என்றால் விபரம். ஒருவரை இன்னார் என்று அடையாளங் காட்டக்கூடிய எந்த விபரமும் இதில் அடங்கும். அவற்றுள்ளும் சில விபரங்களைச் சட்டம் விசேட வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. உடல்நலம், இனம், சமயம், அரசியல் கருத்து, கைரேகை போன்ற உடலடையாளங்கள், சிறுவர் பற்றிய விபரங்கள் என்பன அவை. எமது நாட்டின் வரலாற்றை அறிந்த எவருக்கும் இந்தப் பட்டியல் ஏன் இப்படி அமைந்தது என்று விளங்கும்.

சம்மதத்தைப் பற்றி இச்சட்டம் வைக்கும் நிபந்தனைகள் தெளிவானவை. சம்மதம் கேட்கும் பகுதி மற்ற விடயங்களோடு கலவாமல் வேறாகத் தெரிய வேண்டும். எளிய, தெளிவான மொழியில் இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைப் பின்னர் மீளப்பெறலாம். மீளப்பெற்றால் அதற்கு முன் நடந்தவை செல்லுபடியாகும், ஆனால் அதன்பின் அந்தச் சம்மதத்தைக் காட்டித் தொடர முடியாது. பிள்ளைகளுக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்துவிக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. முகாம் பதிவுகளில் பெயரும் பிறந்த தேதியும் பிழையாக எழுதப்பட்டு, பிறகு ஒவ்வொரு கந்தோராக அலைந்தவர்கள் இந்தத் திருத்தும் உரிமையைச் சிறிதாக எண்ண மாட்டார்கள். கட்டளையை மதிக்காத நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இச்சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உரிமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் தொடங்கவிருந்தன. சற்று முன்னதாக அரசாங்கம் அந்தத் தேதியைப் பிற்போட்டது. சட்டம் நொண்டி நொண்டி வருவது எமக்குப் புதிதல்ல. ஆனாலும் நியாயமான கேள்வியைக் கேட்பதற்கு வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வைத்தியர்கள் நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற கடப்பாடு, கிரேக்க வைத்தியர் இப்போகிரற்றீஸின் பெயரால் வழங்கும் சத்தியப்பிரமாணம் அளவுக்குப் பழையது.

இன்னுமொரு சட்டம் இப்போதே எம் கையில் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அரசாங்க அலுவலகங்களிடமிருந்து எத்தனையோ தகவல்களை எவரும் கேட்டுப் பெறலாம். காணி விடுவிப்புப் பற்றி விண்ணப்பம் போட்ட வாசகர்கள் இதை அறிவர். ஆனால் அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு, இன்னொருவருடைய மருத்துவப் பதிவை அவர் எழுத்தில் சம்மதித்தாலன்றிக் கொடுக்கலாகாது என்கிறது. அயலவரோ, பகைத்துப்போன உறவினரோ உங்கள் வைத்தியசாலைப் பதிவை இந்தச் சட்டத்தால் எடுத்துவிட முடியாது.

சம்மதம் கேட்காமலும் சில காரியம் நடக்கும்

எல்லாவற்றுக்கும் எமது சம்மதம் வேண்டும் என்று நினைத்தால் அதுவும் தவறு. மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவரிடம் எவரும் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. உங்களுக்கு வைத்தியம் செய்வதற்காகவே வைத்தியரும் தாதியும் உங்கள் பதிவைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் புதுச் சம்மதம் தேவையில்லை. இரகசியம் காக்கும் கடப்பாடு உள்ளவர்கள் என்பதால் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

தொற்று நோய் இன்னொரு விடயம். 1897 ஆம் ஆண்டிலிருந்தே தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. டெங்கு என்று சந்தேகித்தால் வைத்தியசாலை ஓர் அறிவித்தல் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பும். சில நாட்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வளவுக்கு வந்து சிரட்டையையும் ரயரையும் கவிழ்த்துப் பார்ப்பார். இதற்கு உங்களிடம் சம்மதம் கேட்பதில்லை; கேட்டுக்கொண்டிருந்தால் அயல் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்துவிடும். 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஒரு வழிபாட்டின் பின்னர் கொரோனாத் தொற்று வெளிப்பட்டபோது, கலந்துகொண்டவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதும் இந்த நியாயத்தின்படியே. ஆனால் அந்தப் பெயர்கள் சுகாதாரப் பணிமனைக்குத் தேவையே தவிர ஊருக்குத் தேவையில்லை. அந்த நாட்களில் தொற்றுக்குள்ளானவர்களுடைய பெயரும் வீடும் முகப்புத்தகத்திலும் செய்திகளிலும் பரவிய சம்பவங்கள் நாட்டின் பல பாகங்களிலும் நடந்தன. அதற்கு எந்தச் சட்டமும் இடங் கொடுக்கவில்லை.

அகதிப் பதிவு கற்றுத்தந்த பாடம்

இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் பெயரை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிவாரண அட்டைக்கு ஒரு முறை, முகாம் மாறும்போது ஒரு முறை, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு முறை, விதானையாரிடம், பிரதேச செயலகத்தில், வந்த வந்த நிறுவனத்திடம் எல்லாம். 2011 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவத்தினர் வீடு வீடாகக் குடும்பங்களைப் படமெடுத்துப் பதிந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தப் பதிவை நிறுத்துவதாக அரசாங்கத் தரப்பு நீதிமன்றத்தில் உறுதி கூறியது. ஒரு தேவைக்குக் கொடுத்த பெயர் இன்னொரு இடத்தில் எழும்பி நிற்கலாம் என்ற அச்சம் எமது மக்களுக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல.

எம்மைப்போலவே இடம்பெயர்ந்த இன்னொரு மக்களுக்கு நடந்ததைச் சொன்னால் விடயம் இன்னும் விளங்கும். மியான்மாரிலிருந்து விரட்டப்பட்டுப் பங்களாதேசில் தஞ்சம் புகுந்த ரோகிங்கியா மக்களை ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் பங்களாதேச அரசும் சேர்ந்து பதிந்தன. கைரேகை, படம், குடும்ப விபரம் எல்லாம் எடுக்கப்பட்டு அட்டை கொடுக்கப்பட்டது. அட்டை இருந்தால்தான் நிவாரணம். 2021 ஜூனில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 8,30,000 பேருடைய விபரங்கள் பங்களாதேச அரசினூடாக, அவர்கள் யாருக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதே மியான்மார் அரசுக்குப் போய்ச் சேர்ந்தன என்று சொன்னது. அந்த அமைப்பு 24 பேரை விசாரித்தது. உதவி பெறுவதற்கன்றி வேறெதற்கும் விபரம் பயன்படும் என்று தமக்குச் சொல்லப்படவில்லை என்று ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் கூறினர். அவர்களுக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில், மியான்மாருடன் விபரத்தைப் பகிரலாம் என்ற இடத்தில் 'ஆம்' என்று அடையாளமிடப்பட்டிருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. 24 பேரில் மூவருக்குத்தான் ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். அகதிகள் நிறுவனம் இதை மறுத்தது. தாம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற்றதாகவே கூறியது. இரு தரப்புச் சொல்லையும் கேட்டபின்னும் எம் மனதில் ஒரு கேள்வி நிற்கிறது. பசியோடு வரிசையில் நிற்பவன் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அரிசி கிடைத்திருக்குமா? கிடைக்கும் என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா?

மறுப்பதற்கு வழி இல்லாத இடத்தில் 'ஆம்' என்ற சொல்லுக்குப் பெறுமதி இல்லை. இதை எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். விசேட தேவையுடையோர் பட்டியல், பெண் தலைமைக் குடும்பங்களின் பட்டியல், மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெறுவோர் பட்டியல் என்று நாமும் பட்டியல் எடுக்கிறோம். உதவி தேவை என்பதால் மக்கள் கேட்டதையெல்லாம் சொல்கிறார்கள். கோழிக்குஞ்சு கொடுப்பதற்கு ஒரு பெண்ணின் கருச்சிதைவு விபரம் எதற்கு? தேவையில்லாததைக் கேட்காமல் விடுவதே முதற் பாதுகாப்பு.

படமும் பரிதாபமும்

அண்மைக் காலத்தில் எமது ஊர்களில் பெருகியிருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. கைத்தொலைபேசியோடு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நோயாளியைக் கட்டிலோடு படம் பிடிக்கிறார். வைத்திய அறிக்கையைக் கமராவுக்குக் கிட்டக் காட்டச் சொல்கிறார். குடும்பத் தலைவி அழுகிறார். யூரியூப்பில் போடப்பட்ட அந்தப் படத்தைக் கனடாவிலும் சுவிசிலும் உள்ள எமது உறவுகள் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். சில வீடுகளில் அந்தப் பணத்தால் சத்திர சிகிச்சை நடந்திருக்கிறது என்பது உண்மை. அந்த உறவுகளின் நல்ல மனதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்தப் படம் போனது போனதுதான். சத்திர சிகிச்சை முடிந்து, அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கலியாணப் பேச்சு வரும் நாளிலும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். தாய்க்கு வந்த நோய் பரம்பரை நோயோ என்று எவரோ ஒருவர் கேட்பார். பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பத்து வயதில் அது என்ன சொல்லும்? இப்படிப் பணம் சேர்ப்பதைவிட வேறு வழி இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது, முகத்தைக் காட்டாமலும் உதவி கேட்கலாம் என்பதே. வைத்திய அறிக்கையில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம் உள்ள பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை வளவுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். உதவ வந்தவர் அதற்கு உடன்படாவிட்டால், அவருக்கு வேண்டியது உங்கள் சுகமா, உங்கள் கண்ணீரா என்று தெரிந்துவிடும்.

பூட்டும் திறப்பும்

கணனியில் உள்ளது களவு போகுமா என்று பலர் கேட்கிறார்கள். போயிருக்கிறது. சிங்கப்பூர் எவ்வளவு ஒழுங்கான நாடு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே எச்.ஐ.வி. தொற்றுள்ள 14,200 பேருடைய விபரங்கள் வெளியில் போய்விட்டன என்று 2019 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. அவர்களில் அதிகமானோர் வெளிநாட்டவர். இதற்குப் பூட்டு உடைக்கப்படவில்லை. அந்தப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி பெற்றிருந்த வைத்தியர் ஒருவருக்கு நெருக்கமானவரின் கையில் விபரம் போய்ச் சேர்ந்திருந்தது. திறப்பு வைத்திருப்பவரைப் பற்றியே நாம் அதிகம் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நல்ல கணனி முறை ஒன்றில், எந்தப் பதிவை யார் எந்த நேரத்தில் திறந்தார் என்பதையும் கணனி எழுதி வைக்கும். கொப்பியை ஒளித்துப் பார்த்தவரைக் கண்டுபிடிக்க இயலாது. கணனியில் பார்த்தவரைக் கண்டுபிடிக்கலாம். அந்தத் தாயின் கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்.

அரசாங்கம் சொல்லாமல் செய்ய முயன்றால் மக்கள் நம்பிக்கையை இழப்பார்கள் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கு குடும்ப வைத்தியர்களிடம் இருந்த நோயாளர் விபரங்களை ஒரே இடத்தில் சேர்த்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒரு திட்டம் வந்தது. விரும்பாதவர்கள் தாங்களாகவே மறுத்து அறிவிக்க வேண்டும் என்று 2014 ஜனவரியில் வீடுகளுக்குத் துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். பலர் அதைக் காணவேயில்லை என்றார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மறுத்தனர். அடுத்த மாதமே திட்டத்தை ஒத்திவைத்து, 2016 ஜூலையில் கைவிட்டார்கள். நோய்களைப் பற்றி ஆராய உதவியிருக்கக்கூடிய ஒரு காரியம், சரியாகக் கேட்காததால் கெட்டுப்போனது.

சரியாகக் கேட்பதென்றால் எமக்கு அது தமிழில் கேட்பதே. 1848 இல் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மாணவர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடலியல் நூல்களையும் சத்திர சிகிச்சை நூல்களையும் தமிழாக்கினார். உடம்பின் நரம்புகளையும் எலும்புகளையும் அன்றே தமிழில் விளக்க முடிந்த மண்ணில், ஒரு பக்கச் சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுத முடியாது என்று எவரும் சொல்லக்கூடாது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் படிவம் தரப்பட்டால், "தமிழிலை வாசிச்சு விளங்கப்படுத்துங்கோ மிஸ்" என்று கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, கேட்பதில் வெட்கமில்லை.

கேட்கவேண்டிய மற்றக் கேள்விகளும் கடினமானவையல்ல. இந்த விபரம் எனக்கு மருந்து தருவதற்கா, வேறெதற்குமா? வேறெதற்கும் என்றால் யாருக்குப் போகும்? என் பெயரோடு போகுமா, பெயரை எடுத்துவிட்டா? நான் வேண்டாம் என்றால் என் வைத்தியம் தடைப்படுமா? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம், மறுத்தாலும் கிளினிக்கில் ஒரு குறையும் வராது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டபின் சம்மதிப்பது நல்லது என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். எமது பகுதி விவசாயிகளுக்கு என்ன நோய்கள் கூடுகின்றன என்பதை எவரும் ஆராயாவிட்டால், அந்த நோய்களுக்கு மருந்தும் பணமும் ஒதுக்கப்படப் போவதில்லை.

வீட்டுக்குள்ளும் சம்மதம் வேண்டும். மனைவியின் கிளினிக் விபரத்தைக் கணவன் குடும்பநல மாதுவிடம் விசாரிப்பதும், வளர்ந்த மகளின் இரத்தப் பரிசோதனையைத் தாய் வட்ஸ்அப்பில் லண்டன் சித்திக்கு அனுப்புவதும் அன்பினால் நடப்பவைதான். அனுப்பும் முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

இறுதியாக ஒரு சிறிய விடயம், ஆனால் அடிக்கடி நடப்பது. பதியும்போது தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்துக் கடைக்காரரின் இலக்கத்தையோ அயல் வீட்டுப் பொடியனின் இலக்கத்தையோ கொடுத்துவிட்டு வருகிறார்கள். பிறகு கிளினிக் நாள் பற்றிய குறுஞ்செய்தி, எந்தக் கிளினிக் என்ற விபரத்தோடு, அந்தக் கடை மேசையில் வந்து விழும். காசநோய்க்கோ மனநலத்துக்கோ மருந்து எடுப்பவருக்கு இது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. சொந்த இலக்கம் இல்லாவிட்டால், இலக்கம் இல்லை என்றே சொல்லி, அடுத்த நாளைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். இலக்கத்தை மாற்றியவர்கள், பழைய சிம் அட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தவர்கள், அடுத்த கிளினிக் நாளன்று துண்டு எடுக்கும் இடத்திலேயே அதைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.